இறங்காத சாமி

தேவகிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது சுங்கை லாலாங் தோட்ட வட்டாரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. இருபத்தெட்டு வருஷம் ஆஸ்பத்திரியின் பிசியோ பிரிவில் உதவியாளராக இருந்தவள். பக்கவாதம் வந்து படுத்த பெரிய முதலாளிகளையே அதட்டி எழுப்பி நிற்க வைத்த வாய் அது. அவளுக்கு ஓய்வு கொடுத்து அனுப்பினார்களே தவிர, அந்த வாய்க்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை.

அப்படிப்பட்டவள்தான் போன வருஷம் தோட்டத்து ஆயாக் கொட்டாயைத் திறந்து, உள்ளே குவிந்து கிடந்த கோயில் நாற்காலிகளை ஓரங்கட்டிவிட்டு, பதினொரு அகதிப் பிள்ளைகளைக் கொண்டுவந்து உட்கார வைத்தாள். ரப்பர் இருந்த காலத்தில் தோட்டத்துப் பெண்கள் கைக்குழந்தைகளை ஆயாவிடம் விட்டுவிட்டுப் பால் மரம் வெட்டப் போவார்கள். அதற்காகக் கட்டிய கொட்டாய். ரப்பர் போய், எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்து, பிள்ளை பெறுகிற வயசுக்காரர்கள் எல்லாம் பக்கத்து டவுனான சுங்கைப்பட்டாணி ஃபேக்டரிகளுக்குப் போய்விட்ட பிறகு கொட்டாய் ஆடுகளுக்குத்தான் பயன்பட்டது. நிர்வாகம் அதைக் கோயில் கமிட்டியிடம் ஒப்படைத்திருந்தது. ஆடு இருந்தவரைக்கும் கமிட்டியில் ஒருவருக்கும் ஆட்சேபணை இல்லை. பிள்ளைகள் வந்ததும்தான் எல்லாருக்கும் கொட்டாய் ஞாபகம் வந்தது.

பிள்ளைகள் பர்மாவிலிருந்து சண்டைக்குத் தப்பி வந்த ரொஹிங்யாக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். இரண்டு பேருக்குக் காது கேட்காது. ஒருத்தனுக்கு ஒரு கை முழங்கைக்குக் கீழே இல்லை. ஒருத்திக்குக் கண் பார்வை பாதி. எல்லாருக்கும் பொதுவாக இருந்தது பயம். இதற்கு முன்னால் மூன்று இடங்களில் வகுப்பு நடத்திப் பார்த்தாள் தேவகி. மூன்று இடத்திலும் அக்கம்பக்கத்தார் கூடி விரட்டிவிட்டார்கள். நான்காவதாகக் கிடைத்ததுதான் இந்தக் கொட்டாய். இதையும் விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

இடம் மட்டும் காரணமில்லை. அந்தக் காலத்தில் குழந்தைகளுக்கு ஏணை கட்டுவதற்காக அறை நெடுகத் தலைக்கு மேலே இரண்டு வரிசை இரும்புக் குழாய் போட்டிருந்தார்கள். ஒரு வெல்டிங்காரனைப் பிடித்து அவற்றை இடுப்பளவுக்கு இறக்கி வைத்தாள் தேவகி. நடை பழக அதைவிட நல்ல பிடிமானம் ஆஸ்பத்திரியில்கூடக் கிடையாது. அதைப் பிடித்துக்கொண்டுதான் ரொஹிமா நடக்கத் தொடங்கினாள்.

ரொஹிமாவுக்குப் பதினொரு வயசு. இரண்டு வருஷத்துக்கு முன்பு ஊரைவிட்டு ஓடி வருகிற வழியில் வயலில் புதைத்திருந்த கண்ணிவெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. யாரோ தானமாகக் கொடுத்த பிளாஸ்டிக் கால் மாட்டியிருந்தாள். கால் பொருந்திவிட்டது, மண்தான் பொருந்தவில்லை. மண்ணிலும் புல்லிலும் அடி எடுத்து வைக்க மாட்டாள், சிமெண்டில் மட்டும்தான் நடப்பாள். மண்ணுக்கடியில் என்ன இருக்கும் என்று அவளுக்கு ஒரு தடவை தெரிந்துவிட்டது. இனி யார் சொல்லியும் நம்பப் போவதில்லை. அதனால் வேனைக் கொட்டாய் வாசல் சிமெண்டை ஒட்டியே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். வேன் ஓட்டுவதும் பாடம் சொல்லிக் கொடுப்பதும் அலிசியா. சுங்கைப்பட்டாணிக்காரி, இருபத்தாறு வயசு, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்கென்றே படித்தவள்.

கொட்டாய் வாசலில் குப்பை கொட்டுவார்கள். மோட்டாரில் போகிற விடலைகள் ஹாரனை அழுத்திக் கத்திக்கொண்டே போவார்கள். தேவகியும் சளைத்தவள் இல்லை, வாசலில் நின்று அவர்கள் பாட்டன் முப்பாட்டன் வரைக்கும் இழுப்பாள். இந்த நிலையில்தான் ஒரு செவ்வாய்க்கிழமை புவனேசன் வந்து சேர்ந்தான்.

புவனேசன் தேவகியின் கூடப் பிறந்த தம்பி. செம்பனைக் குலை ஏற்றும் லோரி வைத்திருக்கிறான். கோயில் கமிட்டிக்கு அவன்தான் தலைவர். வாசல் சிமெண்டில் கால் படாமல் வெளியே நின்றுகொண்டே பேசினான்.

"அக்கா, வர்ற சனிக்கெழம முனியாண்டிக்குத் திருவிழா. அன்னைக்கு மூடிரு. திருவிழா முடிஞ்ச கையோட கொட்டாயக் காலி பண்ணிக் குடுத்துரு. கமிட்டில முடிவாயிருச்சு."

"எந்தக் கமிட்டி? நேத்து வரைக்கும் ஆட்டுப் புழுக்கையில கெடந்த கொட்டாய் இன்னைக்கு ஒங்க கண்ணுக்குத் தெரிஞ்சிருச்சா?"

"சாமான் வைக்க எடம் வேணும் லா. ஊருல எல்லாரும் என்னத்தான் கேக்குறாங்க. முனியாண்டி வாசல்ல இவனுங்கள எதுக்கு விட்டு வச்சிருக்கேன்னு."

"முனியாண்டி கேட்டாரா?"

புவனேசன் முகம் கறுத்தது. "நம்ம காளிதாசன் மவன் பொறந்ததுலேருந்து கால் வெளங்காமக் கெடக்கான். பொறப்புப் பத்திரம், சூரா ஒண்ணுகூட இல்ல. இந்த மண்ணுலயே பொறந்தவன். இருபத்தெட்டு வருசம் ஆஸ்பத்திரில இருந்தியே, அவனுக்கு எந்தக் கொட்டாயத் தொறந்த நீ?"

அவன் சொன்னது உண்மை. காளிதாசன் வீடு தேவகி வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி. ஒரு நாள்கூட அவள் போய் எட்டிப் பார்த்ததில்லை. உண்மை என்பதாலேயே அவளுக்குக் கோபம் இரட்டிப்பாக வந்தது.

"அவனையும் தூக்கிட்டு வா. நான் நடக்க வைக்கிறேன்."

"இவனுங்களோட உக்கார வைக்கவா?" என்று தரையில் துப்பிவிட்டுப் புவனேசன் லோரியில் ஏறினான்.

அலிசியா மெதுவாகச் சொன்னாள். "ஆன்ட்டி, சனிக்கிழமை ஒரு நாள் மூடிருவோம். மேளம், வெடியெல்லாம் இருக்கும். பிள்ளைங்க தாங்காது."

"மேளம் சாயங்காலம் நாலு மணிக்கு. நம்ம பன்னெண்டுக்கெல்லாம் முடிச்சிருவோம். ஒரு நாள் நம்மளா மூடுனோம்னா அடுத்த நாள் அவனுங்க பூட்டப் போட்டுருவானுங்க."

"இருந்தாலும் ஆன்ட்டி..."

"நான் சொல்றேன்ல!"

அலிசியா பிள்ளைகள் பக்கம் திரும்பிவிட்டாள். தேவகியோடு வேலை செய்கிறவர்கள் சீக்கிரமே கற்றுக்கொள்கிற பாடம் அது.

சனிக்கிழமை காலை பத்தரைக்கெல்லாம் உறுமி மேளக்காரர்கள் பெண்டாங் பக்கமிருந்து வந்து இறங்கிவிட்டார்கள். சாயங்காலம் அவர்களுக்கு வேறொரு கோயிலில் வேலையாம். நேரத்தை மாற்றியது புவனேசனுக்குத் தெரியும். கொட்டாய்க்குள் பிள்ளைகள் இருப்பதும் தெரியும். தெரிந்துதான் கொட்டாய் வாசலில் ஒரு முழு வெடிச் சரத்தைத் தொங்கவிட்டு, முனியாண்டிக்குப் படைக்க வைத்திருந்த சுருட்டில் ஒன்றைப் பற்றவைத்து, தன் கையாலேயே திரியில் வைத்தான். பற்றவைத்தபோது சிரித்ததை அலிசியா ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

அதற்கப்புறம் கொட்டாய்க்குள் நடந்ததை விவரிக்க வேண்டுமா? காது கேட்காத இரண்டு பேரும் தரை அதிர்வதை உள்ளங்காலில் உணர்ந்து அலறினார்கள். மற்றவர்கள் மேசைக்கு அடியில் ஒருவர்மேல் ஒருவராகப் புகுந்தார்கள். முழங்கைக்குக் கீழே இல்லாதவன் இருக்கிற ஒரு கையால் இரண்டு காதையும் மூடப் பார்த்துக்கொண்டிருந்தான். வாசல் வழியாகப் புகை உள்ளே வந்தது. தேவகி ஒவ்வொரு பிள்ளையாக இழுத்து அணைத்து எண்ணினாள். பத்துதான் வந்தது.

பக்கவாட்டுக் கதவு திறந்து கிடந்தது.

அந்தக் கதவை ஒட்டி மழைநீர் ஓடுகிற லோங்காங். இரண்டு பக்கமும் ஒரு சாண் அகலத்துக்குச் சிமெண்டு விளிம்பு. அது நேராகப் போய் முடிகிற இடம் முனியாண்டி கோயில் முன்மண்டபம். போன வருஷம்தான் புதிதாகச் சிமெண்டு போட்டிருந்தார்கள். சுற்றிலும் புல், செம்மண், செம்பனை. வெடிக்குப் பயந்து ஓடிய பிள்ளைக்குச் சிமெண்டு என்று கண்ணில் பட்டது அது ஒன்றுதான். பிளாஸ்டிக் காலோடு அந்த ஒரு சாண் விளிம்பில் அவள் எப்படி ஓடினாள் என்பது தேவகிக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. கொட்டாய்க்குள் குழாயைப் பிடிக்காமல் நாலு அடிக்கு மேல் வைத்தவள் இல்லை.

தேவகி புல்வெளியில் விழுந்தடித்து ஓடினாள். கோயில் முன்னால் கூட்டம் வட்டமாக நின்றது. வட்டத்துக்கு நடுவில் ரொஹிமா. தலைத்துணி எங்கேயோ விழுந்து, முடி முகத்தில் விரிந்து கிடந்தது. உடம்பு உச்சி முதல் உள்ளங்கால் வரை உதறியது. பல் கிட்டித்து, கண் இமைக்காமல் முனியாண்டி சிலைக்கு நேரே குத்திட்டு நின்றது.

"சாமி வந்திருச்சு! யாரு புள்ளன்னு தெரியல, சாமி வந்திருச்சுடியோவ்!" என்று ராக்காயி கூவினாள். ராக்காயி கோயிலில் பொங்கல் வைக்கிறவள். சாமி யாருக்கு வந்தாலும் முதலில் கண்டுபிடிப்பவள் அவள்தான்.

சாமி அரைகுறையாக இறங்கி நிற்கும்போது விடக் கூடாது, முழுசாக இறங்கும் வரை அடிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். உறுமிக்காரர்கள் வழக்கப்படி நெருங்கி வந்தார்கள். ரொஹிமாவின் இரண்டு காதுக்கும் பக்கத்தில் உறுமி உறுமியது. அவள் நடுக்கம் கூடியது. நடுக்கம் கூடக் கூட அவர்கள் அடியைக் கூட்டினார்கள். ஒருத்தி எலுமிச்சம் பழத்தைக் கையில் திணித்தாள். இன்னொருத்தி நெற்றி நிறைய விபூதி அப்பினாள். பெண்கள் குலவை போட்டார்கள்.

அப்போதுதான் புவனேசன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். வந்தவன் பிளாஸ்டிக் காலைப் பார்த்தான். யார் என்று புரிந்துவிட்டது. புரிந்ததும் அவன் முகத்தில் ரத்தம் வற்றியது. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் யாரைக் குறிவைத்துச் சரம் கொளுத்தினானோ அந்தப் பிள்ளைமேலேயே முனியாண்டி வந்து நிற்கிறார். வேட்டியை வரிந்து கட்டியிருந்தவன் அப்படியே முட்டிபோட்டான்.

"ஐயா! தெரியாமச் செஞ்சுட்டேன்யா! குத்தம் இருந்தாச் சொல்லுங்கய்யா! கொட்டாய்க்காகத்தான் வந்தீங்களா? கொட்டாய் அந்தப் புள்ளைங்களுக்கே இருக்கட்டும்யா. எங்காலத்துல ஒருத்தனும் கை வைக்க மாட்டான். வாக்கு சொல்லுங்கய்யா!"

கூட்டத்தில் நாலைந்து பேர் அவனோடு சேர்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கொட்டாய் வாசலில் குப்பை கொட்டுகிற பெண் ஒருத்தி கையெடுத்துக் கும்பிட்டாள்.

தேவகி வட்டத்தின் ஓரத்தில் நின்றாள்.

அவள் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஊரே அஞ்சுகிற அந்த வாய். ஆனால் திறக்கவில்லை. கொட்டாய் கிடைத்துவிட்டது என்பது அவள் புத்தியில் உறைத்துவிட்டது. சாமி கேட்டு வாங்கிய இடத்திலிருந்து யாரும் யாரையும் விரட்ட முடியாது. குப்பை நின்றுவிடும். மோட்டார் பயல்கள் தலையைக் குனிந்துகொண்டு போவார்கள். பதினொரு பிள்ளைகளுக்கும் ஆயுசுக்கும் இடம். அவள் ஒன்றுமே செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும்.

ரொஹிமா அவளைப் பார்த்துவிட்டாள். கண் சிலையிலிருந்து நகர்ந்து தேவகியின் முகத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. கூப்பிடவில்லை, அழவும் இல்லை. பார்த்தாள். தேவகியும் பார்த்தாள். உறுமி ஒரு சுற்று அடித்து முடிந்தது. இரண்டாவது சுற்று முடிந்தது. தேவகி நின்றுகொண்டே இருந்தாள்.

மூன்றாவது சுற்றில் ரொஹிமாவின் பாவாடை நனைந்தது. மூத்திரம் நல்ல காலிலும் பிளாஸ்டிக் காலிலும் வழிந்து சிமெண்டில் ஓடியது.

தேவகி பாய்ந்தாள். உறுமிக்காரன் கையிலிருந்த குச்சியைப் பிடுங்கி லோங்காங்கில் எறிந்தாள். "நிறுத்துங்கடா! சாமியும் இல்ல பூதமும் இல்ல! பயம்டா! வெடிக்குப் பயந்த புள்ள! மண்ணுல கால் வைக்கப் பயந்து சிமெண்டத் தேடி இங்கிட்டு ஓடியாந்திருக்கா! மூத்திரம் பேஞ்சுகிட்டு நிக்கிறா, கண்ணு தெரியலையா ஒங்களுக்கு?"

மேளம் நின்றது. அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். தீட்டு என்றார்கள். கோயிலைக் கெடுத்துவிட்டாள் என்றார்கள். துலுக்கப் பிள்ளைக்கு விபூதி பூச வைத்துவிட்டாள் என்று, பூசியவளே சொன்னாள். கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள்தான் அதிகமாகக் கத்தினார்கள். புவனேசன் முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தான். இத்தனை பேர் பார்க்க ஒரு அகதிப் பிள்ளையின் காலில் விழுந்ததை அவனால் இனி எந்தக் காலத்திலும் மன்னிக்க முடியாது.

"நீ வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா கொட்டாய் ஒனக்கே இருந்திருக்கும்," என்றான்.

"தெரியும்," என்றாள் தேவகி.

ரொஹிமாவைத் தூக்கப் போனாள். அந்தப் பிள்ளை கையைத் தட்டிவிட்டது. பின்னால் ஓடிவந்த அலிசியா கை நீட்டினாள். அவளிடம் போய்விட்டது. அவர்கள் வேனில் ஏறுவதற்குள் ராக்காயி மஞ்சள் தண்ணீர் ஊற்றி மண்டபத்தைக் கழுவத் தொடங்கியிருந்தாள். அன்று சாயங்காலமே கொட்டாய்க் கதவில் பூட்டுத் தொங்கியது.

மறுநாள் தேவகி சுங்கைப்பட்டாணிக்கு மோட்டாரில் போனாள். ஒரு கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறையில் மூன்று குடும்பங்கள். ரொஹிமாவின் அம்மா ஹமீதா பாசாரில் மீன் கழுவுகிறவள். தேவகியைக் கண்டதும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். உடைந்த மலாயில் படபடவென்று பேசினாள். அலிசியா எல்லாம் சொன்னாள், அத்தனை பேருக்கு நடுவில் புகுந்து என் பிள்ளையைக் காப்பாற்றினாயாம், கடவுள் உனக்கு நீண்ட ஆயுசைக் கொடுக்கட்டும் என்றாள். தேவகிக்கு அந்தக் கைகளை உதறிவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள். இதற்கு என்ன செய்வது?

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல," என்றாள் ஹமீதா. "புள்ள ராத்திரிலேருந்து ஒரே கேள்வியத்தான் கேட்டுக்கிட்டிருக்கா. டீச்சர் என்னப் பார்த்துட்டு ஏன் நின்னாங்கன்னு. இல்லம்மா, டீச்சர் ஓடி வந்தாங்கன்னு நான் சொல்றேன். இல்ல, முதல்ல நின்னாங்கன்னு சொல்றா. நான் என்ன பதில் சொல்லட்டும்?"

இருபத்தெட்டு வருஷத்தில் எத்தனையோ பேரிடம் தேவகி பொய் சொல்லியிருக்கிறாள். நடந்துவிடலாம், சரியாகிவிடும், வலிக்காது. அந்த மாதிரி ஒரு பொய் இப்போதும் நாக்கு நுனி வரை வந்தது. கூட்டமாக இருந்தது, உள்ளே வர முடியவில்லை என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்?

"நானே சொல்றேன்," என்றாள்.

ரொஹிமா உள்ளறையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். பிளாஸ்டிக் காலைக் கழற்றி வைத்திருந்தாள். தேவகி அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். முட்டி வலித்தது. மலாயில், சின்னச் சின்ன வார்த்தையாகச் சொன்னாள்.

"நான் உன்னப் பார்த்தேன். நீ பயந்துட்டேன்னு எனக்குத் தெரியும். அந்த ஆளுங்க உன்ன சாமின்னு நெனச்சாங்க. அப்படியே நெனச்சா நமக்குக் கொட்டாய் கெடைக்கும்னு நான் பேசாம நின்னேன். நீ என்னையே பார்த்துக்கிட்டிருந்த. நான் நின்னேன். அது பெரிய தப்பு. வகுப்ப மூடாம வச்சதும் நான் செஞ்ச தப்புதான்."

ரொஹிமா கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அறையில் மீன் வாடை அடித்தது. பக்கத்து அறையில் யாருடைய குழந்தையோ சிணுங்கியது. தேவகி மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அந்தப் பிள்ளை மன்னித்தாக வேண்டும் என்று ஆகிவிடும், அந்தச் சுமையும் அதன் தலையில் எதற்கு என்று தோன்றியது.

ரொஹிமா கதவைக் கை காட்டினாள்.

"போ," என்றாள்.

ஹமீதா ஆடிப்போய்விட்டாள். ஓடிவந்து பிள்ளையின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "டீச்சர்கிட்ட அப்படிப் பேசுறதா! மன்னிச்சிருங்க டீச்சர், புள்ள தெரியாம..."

"அவள விடு," என்றாள் தேவகி. "தெரிஞ்சுதான் சொல்றா."

சுவரைப் பிடித்து எழுந்து வெளியே போனாள். வாசலில் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் நின்றுவிடுவோம் என்று பயமாக இருந்தது. அந்தப் பிள்ளையை எத்தனையோ பேர் போ என்று விரட்டியிருக்கிறார்கள். ஊரில் பட்டாளம், கடலில் படகுக்காரன், இங்கே வந்தும் மூன்று இடம், நேற்று நாலாவது. அவள் சொல்லி ஒரு ஆள் எழுந்து போனது இன்றைக்குத்தான். படி இறங்கும்போது தேவகி வாய்விட்டு அழுதாள். கீழே கடைக்காரன் என்ன என்று பார்த்தான். அவனை முறைத்துவிட்டு மோட்டாரை எடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை மறுபடி போனாள். போ என்றாள் ரொஹிமா. தேவகி எழுந்து வந்துவிட்டாள். வியாழக்கிழமையும் போனாள்.